பன்னிரண்டாவது வரிசை

வேன் ஏழுக்குக் கிளம்பும் என்று
முதல் கட்டத்தில் அடித்தேன்.
கருங்கல் முக்கு, மருந்துக்கடை எதிரே.
சுகந்தி மயினி சொன்ன நேரத்துக்குக் கால் மணி கழித்தே வருவாள்
என்பதால் அதை
ஆறே முக்கால் ஆக்கினேன்.

பகலில் முந்திரி ஆபீசில்
கிலோவும் கூலியும் கூட்டுகிற அதே மாதிரி ஷீட்.
ராத்திரி பத்துக்கு மேல் அதில் வெள்ளம் ஓடியது.
அலைக்குளம், சுருள் சறுக்கு,
டியூப்பில் மல்லாந்து போகிற ஆறு,
எதில் கூட்டம் எப்போது குறையும்,
எங்கே லாக்கர், சாவிக்கு எவ்வளவு முன்பணம்.

வில்பிரட்டுக்கு லிங்க் அனுப்பினேன்.
மஸ்கட்டிலிருந்து
ஒரு பச்சைக் கட்டமாக வந்து சேர்ந்தார்.

அங்கே ஒன்றரை மணி நேரம் பின்னால்.
உளுந்தை ஊறப்போட்டுவிட்டு நான் வந்து பார்க்கும்போது
பச்சை பைய இறங்கிக்கொண்டிருக்கும்
வரிசை வரிசையாக.
போனில் "பின்னே?" என்பார்.
"பின்னே என்ன" என்பேன்.
அதோடு முடியும் எங்கள் பேச்சு.
ஷீட்டில் ஆள் வேறு.
திங்கள்சந்தை தாண்ட பதினைந்து நிமிஷம் போதாது.
பார்வதிபுரத்தில் பாலத்து மேலே போகச் சொல்லு.
பென்சிகர் மாமாவுக்கு சுகர், பதினொன்றுக்கு பிஸ்கட்.
மாற்றுத்துணி எல்லோருக்கும், உனக்கும்.
கடைசிக் குறிப்பை மட்டும்
'தீர்ந்தது' என்று நான் மூடவில்லை.

ஜோஷன் உயரம் நூற்றுப் பதினெட்டு.
குதிகால் தூக்காதே லே என்று அதட்டி
கதவுநிலையில் வைத்து டேப்பால் அளந்தது.
பெரிய சறுக்குக்கு நூற்று இருபது வேண்டும்.
விடிந்து பார்த்தால் கட்டத்தில் நூற்று இருபது.
திருத்தினேன்.
மறுநாளும் நூற்று இருபது.
இரண்டு சென்டிமீட்டருக்காக
ஒன்பது ராத்திரி
கடல் தாண்டி நடந்தது சண்டை.
அவர் தூக்கிப் பார்த்தபோது அவன் நூற்று நான்கு.
அதற்கு மேலே உள்ளதெல்லாம்
அவருக்குக் கேள்விப்பட்ட உயரம்.

சாப்பாட்டு வரிசையை யாரோ அழித்துவிட்டார்கள்.
தேடப் போனேன் பழைய பதிப்புகளில்.
புதன் நள்ளிரவு ஒன்று நாற்பதுக்கு
பதினோரு பேருக்குக் கீழே
பன்னிரண்டாவதாக ஒரு வரிசை:
வில்பிரட். நூற்று எழுபத்தொன்று. வேனில் ஜன்னலோரம்.
ஒன்று நாற்பத்து நான்குக்கு அது இல்லை.
டிக்கெட் தொகை தானாகக் கூடியதைப் பார்த்து
அழித்தாரோ என்னமோ.
கேட்கவில்லை நான்.
சாப்பாட்டு வரிசையும் கிடைக்கவில்லை,
மறுபடி அடித்தேன்: பிரியாணி ஏழு, தயிர்சாதம் நான்கு.

மே மாத சனிக்கிழமை.
கொட்டாரம் தாண்டும்போதே இடி.
மஞ்சள் கோட்டு போட்ட பையன் விசில் ஊதி
எல்லா சறுக்கையும் மூடிவிட்டான்.
தண்ணீரில் நனைய வந்த பதினோரு பேர்
நனையாமல் இருக்க
டிக்கெட் ஷெட்டில் ஒடுங்கி நின்றோம்.
ஏத்தங்காய் சிப்ஸ் எட்டரைக்கே தீர்ந்துபோனது.
"பெரிய பிளானு" என்றாள் மயினி,
ஆறே முக்காலுக்கே வந்து நின்றவள், இன்றைக்குப் பார்த்து.

பதினொன்று இருபது.
ஷீட்டின்படி இப்போது ஜோஷனும் ஷாஜியும்
அலைக்குளத்தில்.
ஈரக் கட்டைவிரலால் போனைத் திறந்தேன்.
அந்தக் கட்டத்திலேயே நிற்கிறது பச்சை.
அங்கே வேலை நேரம்.
எந்த இரும்புக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறாரோ.
டிக் போட்டுவிடலாமா?
ஒரு டிக்தான், குளத்தில் இறங்கிவிடுவான் பிள்ளை.
விரலைத் துடைத்துக்கொண்டு யோசித்தேன்.

மழையா?

அவர்தான் அடித்திருந்தார்.
ம்.
இடியும் உண்டா?
உண்டு.

அதற்குள் ஜோஷன்
உயரம் பார்க்கிற ஒட்டகச்சிவிங்கிப் பலகைக்குக் கீழே போய்
முதுகை ஒட்டி நின்று
"எம்மா, தொட்டுட்டு!" என்று கத்தினான்.
செருப்பைக் கழற்று என்றான் மஞ்சள் கோட்டு.
கழற்றமாட்டேன் என்றான் இவன்.

நூற்று இருபது, செருப்போடு
என்று அடித்தேன்.

பச்சைக் கட்டம் ஏறி வந்து
அதன் மேல் நின்றது.
மழை இன்னும் விடவில்லை.